திங்களும் வெள்ளியும் நீங்கலாக

ஜூன் 4, புதன்

குழுவின் முதல் கூட்டம் இன்று. போண்டா ஆறிப்போயிருந்தது, தலைவர் ஜெயசீலன் மட்டும் சூடாக இருந்தார். சென்னையிலிருந்து தென்கோடி வரை புதிய அதிவேக ரயில் பாதை போடுவது என்று டெல்லியில் முடிவாகிவிட்டது. எந்த வழியாகப் போடுவது, என்ன செலவு, அதைவிடக் குறைவாக வேறு வழி உண்டா என்று பார்த்துச் சொல்லத்தான் நாங்கள் ஐந்து பேர். முடிவாகிவிட்டது என்றால் எதற்குப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று பிலோமினா கேட்டார். அவர் பொருளாதாரம் பார்ப்பவர். எங்கே போனாலும் முதல் ஆளாகக் கையைத் தூக்குவார்.

"பார்த்தோம்னு இருக்கணும்ல மேடம்" என்றார் ஜெயசீலன். எல்லோரும் சிரித்தோம்.

மூன்று வழிகள் மேசையில் இருக்கின்றன. ஒன்று, முழுக்கப் புது நிலம் எடுத்துப் புதுப் பாதை. செலவைக் கேட்டால் தலை சுற்றும், ஊருக்கு ஊர் மறியல் வேறு நடக்கும். இரண்டு, புதுப் பாதையே வேண்டாம், இப்போதுள்ள பிரதான பாதைக்குப் பக்கத்தில் இன்னொரு தண்டவாளம் போட்டு வேகத்தைக் கூட்டுவது. செலவு குறைவுதான், ஆனால் திறப்பு விழாவில் காட்ட ஒன்றும் இருக்காது. மூன்று, புதுப் பாதைதான், ஆனால் தெற்கே கடைசிப் பகுதியில் செங்குளம் கிளைப்பாதையை மூடிவிட்டு அந்த நிலத்தையே எடுத்துக்கொள்வது. கிளைப்பாதையில் ஓடுவது காலையில் ஒரு பாசஞ்சர், மாலையில் ஒரு பாசஞ்சர். அதில் எத்தனை பேர் போகிறார்கள் என்று எண்ணிச் சொல்வது என் பொறுப்பு. ஆள் எண்ணியே முடி நரைத்தவன் நான். என் எண்ணிக்கையை இதுவரை யாரும் மறுத்ததில்லை.

அந்தப் பாசஞ்சரில்தான் என் அக்கா உலகம்மாள் டயாலிசிஸுக்குப் போகிறாள். திங்களும் வெள்ளியும் பூவாணியில் ஏறிச் செங்குளம் பெரியாஸ்பத்திரிக்கு. இதைக் கூட்டத்தில் சொல்லவில்லை. சொன்னால் அக்காவுக்காகப் பேசுகிறேன் என்பார்கள். அக்கா போகிற ரயில் என்பதற்காக ஓர் ஆளைக் கூட்டி எண்ணினால் நான் என்ன நிபுணன்?

குளியலறைக் குழாய் சொட்டுகிறது. வாஷர் வாங்க வேண்டும்.

ஜூன் 9, திங்கள்

எண்ணும் நாட்களை இன்று முடிவு செய்தோம். செவ்வாய், புதன், வியாழன். மூன்று வாரம். பிலோமினா கையைத் தூக்கினார்.

"ஏன் சார், திங்கக்கிழமை மேல உங்களுக்கு என்ன கோபம்?"

"திங்கள், ஊர்லேர்ந்து திரும்புற கூட்டம் மேடம். வெள்ளி, ஊருக்குக் கிளம்புற கூட்டம். ரெண்டுமே பொய்க் கூட்டம். நடு வாரத்துல எண்ணினாத்தான் நிஜம் தெரியும்."

"எல்லா ஊர்லயுமா?"

"எல்லா ஊர்லயும்தான்."

இது நான் வாயில் வந்ததைச் சொன்னதில்லை. துறைக்காக நான் எழுதிய கையேட்டில் இருப்பது. இன்றைக்கும் புதிதாக வருகிற பொறியாளர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் சாலையோரம் நாற்காலி போட்டு உட்காருகிறார்கள். பிலோமினாவுக்கு அது தெரியும். தெரிந்தும் கேட்கிறார் என்றால் வம்பு என்றுதான் அர்த்தம்.

சாயங்காலம் அக்காவுக்குப் போன் போட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து படுத்திருந்தாள். நாலு மணி நேரம் மெஷினில் கிடந்துவிட்டு எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வருமாம். திரும்பும்போது ரயிலில் ஒரு பலகையில் நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டே வந்துவிடுவாளாம். குரல் நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 25, புதன். பூவாணி

நேற்றும் இன்றும் நானே வண்டியில் ஏறி எண்ணினேன். ஆள் வைத்து எண்ணலாம், ஆனால் முதல் வாரம் நான் நேரில் நிற்பது வழக்கம். நேற்றுக் காலை வண்டி முழுவதற்கும் பதினொரு பேர். இன்று ஒன்பது. அதில் ஒருவர் தூங்கி இறங்கும் ஊரைத் தவறவிட்டவர். வண்டியின் கார்டு என்னோடு பேச்சுத் துணைக்கு உட்கார்ந்துவிட்டார்.

இரவு தங்கல் அக்கா வீட்டில். அத்தான் போனபின் தனியாகத்தான் இருக்கிறாள். சென்னைக்குக் கூப்பிட்டால் உன் ஃபிளாட்டில் பேச்சுத் துணை இல்லாமல் கொசு கூட ஏங்கிப்போய்த் திரியும் என்கிறாள். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இருநூறு பிள்ளைகளைத் தட்டோடு வரிசையில் நிற்க வைத்துப் பழகிய குரல் இன்னும் குறையவில்லை. எனக்கு மட்டும் மீன்குழம்பு வைத்தாள். அவள் தட்டில் வேகவைத்து நீரை வடித்த காய், உப்பில்லாமல். தண்ணீரைச் சின்ன டம்ளரில் அளந்து குடிக்கிறாள்.

"எத்தன பேரு எண்ணுன?" என்றாள்.

"இன்னைக்கு ஒன்பது."

"ஏல, ஒனக்கு வேற நாளே கெடைக்கலியா? நாளக் கழிச்சு வெள்ளி. அன்னைக்கு வந்து நின்னு பாரு. சந்தைக்குப் போற பொம்பளையளும் கூடையுமா, கால் வைக்க எடம் இருக்காது. திங்கக்கெழம கலெக்டராபீஸ்ல மனு நாளு. பாதி ஊரு அதுலதாம் போவும். கடைசிப் பெட்டியில நாங்க ஒம்பது பேரு, மெஷின் பார்ட்டி. சொகமில்லாதவுகன்னு எங்களுக்கு மட்டும் பலகைய விட்டுருவாக."

"அதெல்லாம் கணக்குல வராதுக்கா."

"ஏம் வராது? டிக்கெட் எடுத்துத்தான போறோம்? நாங்க என்ன வித்தவுட்டா?"

அக்கா எதையும் பெரிதாக்கிச் சொல்வாள். கால் வைக்க இடமில்லை என்பதெல்லாம் புள்ளிவிவரம் ஆகாது. சிரித்துப் பேச்சை மாற்றினேன்.

பஸ் இருக்கிறதே என்று கேட்டேன். முதல் பஸ் செங்குளம் போய்ச் சேர எட்டரை ஆகுமாம். ஏழு மணிக்கு ஆள் இல்லையென்றால் காத்திருக்கிற வேறு ஆளுக்கு மெஷினைக் கொடுத்துவிடுவார்களாம். பாவம், அவர்களும் என்ன செய்வார்கள்.

மெஷின் ஊசி போடுவதற்காக இடது கையில் ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். மணிக்கட்டுக்கு மேல் புடைத்துக்கொண்டு நிற்கிறது. "தொட்டுப் பாரு" என்றாள். விரல் வைத்தேன். உள்ளே விடாமல் ஓர் அதிர்வு, ரீங்காரம் போல. "இது ஓடுற வரைக்கும் நானும் ஓடுவேன்" என்றாள். கையை எடுத்துக்கொண்டேன்.

ஸ்டேஷன் வேப்பமரத்தில் யாரோ வெள்ளைப் பெயின்டில் எண் எழுதியிருக்கிறார்கள், வெட்டப் போகிற மரத்துக்குப் போடுவது போல. நாங்கள் இன்னும் எதையும் முடிவு செய்யவில்லையே என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஜூலை 10, வியாழன்

பிளம்பர் வந்தார். வாஷர் இல்லை, குழாயே போய்விட்டது என்றார். இப்போதைக்கு வாளி வைத்திருக்கிறோம்.

ஜூலை 22, செவ்வாய்

பிலோமினா இரண்டாம் வழிக்காக ஒரு மணி நேரம் பேசினார். புதுப் பாதைக்கு ஆகும் செலவில் மூன்றில் ஒரு பங்கு போதும். நிலம் அதிகம் தேவையில்லை. எந்த ஊர் ரயிலையும் நிறுத்த வேண்டியதில்லை. சென்னையிலிருந்து கடைசி ஊருக்குப் போக மட்டும் ஒன்றரை மணி நேரம் கூட ஆகும்.

"அந்த ஒன்றரை மணி நேரத்தை மிச்சம் பிடிக்கப் போறது யாரு, அதுக்கு விலை கொடுக்கப் போறது யாருன்னுதான் நான் கேக்கறேன்" என்றார்.

நன்றாகத்தான் பேசினார். கூட்டத்தில் யாரும் மறுக்கவில்லை. ஜெயசீலன் குறித்துக்கொண்டார். வெளியே வரும்போது என் தோளில் கை போட்டு, "மேடம் படம் காட்டறாங்க. எனக்கு உங்க எண்ணிக்கைதான் வேணும். கிளைப்பாதை காலின்னு தெரிஞ்சா மூணாவது வழிதான்" என்றார். புதுப் பாதைக்கென்று தனி நிறுவனம் தொடங்கப் போகிறார்களாம். திட்டப் பிரிவுக்கு அனுபவசாலி ஒருவர் வேண்டுமாம். ஏன் என்னிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

எண்ணிக்கையைச் சமர்ப்பித்தேன். செங்குளம் பாசஞ்சரில் ஒரு நடைக்குச் சராசரி பத்துப் பேர். ஒரு வேன் போதும். மாற்று ஏற்பாடு என்ற தலைப்பின் கீழ், 'தற்போதுள்ள பேருந்துச் சேவை போதுமானது' என்று எழுதினேன்.

பிலோமினா ஒரே ஒரு வாரம் கேட்டார். திங்களும் வெள்ளியும் எண்ணிப் பார்த்துவிடலாம் என்றார்.

"கடைசியில வந்து விதியை மாத்தினா, நமக்கு வேண்டிய பதில் வர்ற வரைக்கும் எண்ணினோம்னு சொல்லுவாங்க" என்றேன். அது சரியான வாதம். இப்போதும் சரியான வாதம்தான்.

"வேண்டிய பதில் ஏற்கெனவே வந்தாச்சே சார்" என்றார் அவர். முகத்தில் சிரிப்பு இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சாப்பிடும்போது மனைவி வசுமதி கேட்டாள். "செங்குளம் லைனுங்கறீங்களே, அது மதினி போற ரயில்தானே?"

"ஆமா."

"கமிட்டியில சொன்னீங்களா?"

"சொல்லக் கூடாது. சொந்த விஷயம்."

அவள் ரசத்தை ஊற்றினாள். பிறகு, "இன்னைக்கு வெள்ளிக்கிழமை. மதினி ரயில்ல போயிட்டு வந்திருப்பாங்க" என்று மட்டும் சொன்னாள். வேண்டுமென்றே குத்துகிறாளா என்று தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. எப்படிப் பார்த்தாலும் புதுப் பாதை வர நாலைந்து வருடம் ஆகும். அதற்குள் எவ்வளவோ மாறும்.

செப்டம்பர் 3, புதன்

மண் பரிசோதனைக்காக செங்குளம் பாசஞ்சர் பதினைந்தாம் தேதி முதல் தற்காலிகமாக ரத்து என்று அறிவிப்பு வந்திருக்கிறது. ஜெயசீலனிடம் ஓடினேன். இறுதி அறிக்கையே போகவில்லையே என்றேன்.

"இடைக்கால அறிக்கை போயிருக்கே. பத்துப் பேர் போற வண்டிக்கு எதுக்குக் காத்திருக்கணும்னு கேட்டாங்க. உங்க எண்ணிக்கைதான் சார் பேசிச்சு" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

தற்காலிகம் எத்தனை நாள் என்று அறிவிப்பில் இல்லை.

செப்டம்பர் 4, வியாழன்

அக்கா காலையிலேயே கூப்பிட்டுவிட்டாள்.

"ஏல வேலு, ரயில நிறுத்தப் போறானுவளாம்லா. ஒனக்குத் தெரியுமா?"

"விசாரிக்கிறேங்க்கா" என்றேன்.

"விசாரி. மைதீன் அண்ணாச்சி மனு எழுதிட்டாரு. திங்கக்கெழம கலெக்டர்ட்ட குடுக்கணும். ரயில நிறுத்தாதீகன்னு மனு குடுக்கவும் அந்த ரயில்லதாம் போணும், பாத்துக்க." அவளே சிரித்தாள். மைதீன் அண்ணாச்சியும் மெஷின் பார்ட்டி, பூவாணியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்.

விசாரிக்கிறேன் என்று ஏன் சொன்னேன்?

செப்டம்பர் 15, திங்கள்

ரயில் நின்றுவிட்டது. அக்காவுக்குக் கார் ஏற்பாடு செய்துவிட்டேன். தளவாய் என்று உள்ளூர் டிரைவர். திங்களும் வெள்ளியும் விடியுமுன் வீட்டு வாசலில் வந்து நிற்பார், இருந்து அழைத்தும் வருவார். பணம் நான் அனுப்பிவிடுகிறேன். சாயங்காலம் அக்கா, "கார் மெத்து மெத்துன்னு இருக்குல. மகாராணி மாதிரி போயிட்டு வந்தேன்" என்றாள். மனசு லேசாகிவிட்டது. வசுமதியிடம் சொன்னேன். "மத்த எட்டுப் பேர்?" என்று கேட்டாள். எல்லாருக்கும் நானா கார் வைக்க முடியும்?

செப்டம்பர் 26, வெள்ளி

அலுவலகத்திலிருந்து ஒன்பது மணி வாக்கில் அக்காவைக் கூப்பிட்டேன். மெஷினில் இருப்பாள், எடுக்க மாட்டாள் என்று நினைத்துத்தான் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். பின்னால் குக்கர் விசில் கேட்டது, பக்கத்துக் கோயில் மணியும் கேட்டது. சீக்கிரம் முடிந்துவிட்டதா என்றேன். ஆமாம் என்றாள். கார் என்பதால் சீக்கிரம் போய்ச் சீக்கிரம் வந்திருப்பாள்.

வாளி நிரம்பி வழிந்து தரையெல்லாம் தண்ணீர். புதுக் குழாய்க்குச் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 6, திங்கள்

தீபாவளிக்கு என்ன புடவை வேண்டும் என்று வசுமதி அக்காவைக் கேட்டாள். புடவை வேண்டாம், செருப்பு வாங்கி வா, இருக்கிறது இறுக்கிப் பிடிக்கிறது, ஒரு சைஸ் பெரிதாகப் பார் என்றாளாம்.

"இந்த வயசுல கால் வளருமா?" என்றேன் வேடிக்கையாக. வசுமதி சிரிக்கவில்லை. நாம் இப்போதே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றாள். பதினாறாம் தேதி இறுதிக் கூட்டம். அதை முடித்துக்கொண்டு தீபாவளிக்கே போகலாம் என்றேன்.

அக்டோபர் 10, வெள்ளி

அக்காவோடு இரண்டு நிமிடம் பேசினேன். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்குகிறாள். மழைக்குச் சளி பிடித்திருக்கிறது என்றாள். தென் மாவட்டத்தில் இன்னும் மழை ஆரம்பிக்கவில்லை.

தளவாய்க்குப் போன் போட்டேன். "அக்காவ ஒழுங்கா கூட்டிட்டுப் போறியளா?" என்றேன். "வண்டி ஒரு நாளும் நின்னதில்ல சார்" என்றார். அந்தப் பதிலை இரவு வரை யோசித்துக்கொண்டிருந்தேன். பதிலில் தவறு ஒன்றும் இல்லை.

அக்டோபர் 16, வியாழன்

இறுதிக் கூட்டம் முடிந்தது. மூன்றாம் வழி. நான்கு பேர் சம்மதம், ஒருவர் மறுப்பு. பிலோமினா மறுப்புக் குறிப்பை நின்றுகொண்டே படித்தார். கடைசி வரியில் என்னைப் பார்த்தார். "எண்ணப்படாதவர்கள் இல்லாதவர்கள் ஆகிவிட மாட்டார்கள்." எனக்குக் கோபம் வந்தது. எனக்குத் தெரியாததைச் சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்காது.

கையெழுத்துப் போட்டேன். ஜெயசீலன் என் தட்டில் இரண்டாவது ஜிலேபியை வைத்தார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. விடியற்காலையில் அக்கா போய்விட்டாள்.

அக்டோபர் 22, புதன். பூவாணி

இன்றுதான் எழுத முடிகிறது.

ஞாயிறு மதியம் வந்து சேர்ந்தோம். வசுமதி கையில் பலகாரத் தூக்கு, என் கையில் செருப்புப் பெட்டி. அக்கா மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகம் உப்பிக் கண் இடுங்கி, அடையாளம் பிடிக்க எனக்கு ஒரு கணம் ஆனது. படுத்தால் மூச்சு அடைக்கிறதாம், உட்கார்ந்தபடியே தூங்குகிறாளாம். வசுமதி தரையில் உட்கார்ந்து செருப்பைப் போட்டுப் பார்த்தாள். ஒரு சைஸ் பெரிய செருப்பிலும் கால் நுழையவில்லை.

"வெள்ளிக்கிழமை மெஷினுக்குப் போனியா இல்லியா?" என்றேன்.

"வெள்ளி எம் முறை இல்லல."

எனக்கு விளங்கவில்லை. அவள் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். காரில் நாலு பேர்தான் போகலாம். ரெண்டு நடை அடித்தால் ஏழு மணிக்குப் போய்ச் சேர முடியாது. ஒன்பது பேர் இருக்கிறார்கள். அதனால் முறை வைத்துவிட்டாள், குளத்துத் தண்ணீருக்கு முறை வைப்பது போல. ஒரு நடைக்கு நாலு பேர், அடுத்த நடைக்கு வேறு நாலு பேர், மிஞ்சின ஆள் அதற்கு அடுத்த நடைக்கு முதல் ஆள். தளவாயிடம் தம்பிக்குச் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். வாரம் இரண்டு தடவை வேண்டியவர்களுக்கு ஒரு தடவைகூட முழுசாகக் கிடைக்கவில்லை. அதிலும் அந்த ஒன்பதில் ஒருத்தியான பேச்சியம்மாளுக்குச் சின்னப் பிள்ளைகள் இருக்கின்றன என்று இவள் தன் முறையை இரண்டு தடவை விட்டுக் கொடுத்திருக்கிறாள்.

"ஏங்க்கா எங்கிட்டச் சொல்லல? இன்னொரு கார் வச்சிருப்பனே" என்று கத்தினேன்.

"கத்தாதல. நீதான் விசாரிக்கேன்னு சொன்னியே. ரயிலு வந்துரும்னு பாத்தேன்."

அவள் குத்திச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பியிருக்கிறாள். தம்பி ரயில் ஆபீஸில் இருக்கிறான், தம்பி விசாரித்துக்கொண்டிருக்கிறான் என்று அந்த ஒன்பது பேருக்கும் சொல்லி வைத்திருந்தாள். நான் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரத் தோன்றவில்லை.

உடனே காரில் செங்குளம் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் அவர்களால் ஆனதெல்லாம் செய்தார்கள். விடுமுறை என்றும் பாராமல் மெஷினை ஓட்டுகிற பையனை ஊரிலிருந்து வரவழைத்தார்கள். நுரையீரல் முழுக்கத் தண்ணீர், இதயம் தாங்கவில்லை என்று டாக்டரம்மா சொன்னார். ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஊரில் முதல் வெடிச் சத்தம் கேட்டபோது நான் அக்காவின் இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ரீங்காரம் நின்றிருந்தது. விரலைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தேன். வசுமதி வந்துதான் கையை விடுவித்தாள்.

அக்டோபர் 25, சனி

ஜெயசீலன் போனில் துக்கம் விசாரித்தார். என்ன உடம்புக்கு என்று கேட்டார். கிட்னி என்றேன். "அடடா, பக்கத்துல வசதி இல்லையோ?" என்றார். இருந்தது என்றேன்.

நவம்பர் 3, திங்கள்

நாளை பதினாறாம் நாள். இந்த வாரம் முழுக்கப் பூவாணியில்தான்.

மெஷின் பார்ட்டிக்கு ஒரு வேன் பேசியிருக்கிறேன். எல்லோரும் சேர்ந்து போகலாம். எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டார்கள், பழக்கதோஷத்தில் ஸ்டேஷன் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். நானும் இருட்டிலேயே போய்ப் பிளாட்பாரத்தில் நின்றேன். பையில் எண்ணும் கருவி இருந்தது, கட்டை விரலால் அழுத்தினால் ஒவ்வொன்றாக ஏறும். அதில்லாமல் எந்த ஸ்டேஷனிலும் நின்றதில்லை.

தண்டவாளத்துக்கு நடுவே துளை போடும் இயந்திரம் நிற்கிறது. வேப்பமரம் இல்லை.

மெஷின் பார்ட்டி எட்டுப் பேரும் வந்தார்கள். பேச்சியம்மாளின் கண் வீங்கியிருந்தது, அழுதா நோயாலா என்று தெரியவில்லை. அவள் என்னிடம் வரவில்லை. மைதீன் அண்ணாச்சி மட்டும் பக்கத்தில் வந்து, "ஒங்க அக்கா இருந்தா இந்நேரம் எங்கள வரிசைல நிக்க வச்சிருப்பா தம்பி" என்றார். அவருக்கும் மூச்சு வாங்குகிறது.

வேன் போன பிறகும் நின்றேன். பொழுது விடியவும் மனுவோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பட்டா கேட்டு, பென்ஷன் கேட்டு, பாதை கேட்டு. பஸ் நிற்காமல் போய்விடுகிறதாம், இங்கே டிராக்டர் ஏதாவது வரும் என்று காத்திருக்கிறார்களாம். ரயில் இல்லாத ஸ்டேஷனில் ஏறக்குறைய ஒரு பெட்டிக்கு ஆள் சேர்ந்தது. அக்கா ஒன்றையும் பெரிதாக்கிச் சொல்லவில்லை. என் கண் முன்னால் நின்றிருந்தால் அவள் காலில் விழுந்திருப்பேன்.

எண்ணிக்கையைக் குழுவுக்கு இன்றே அனுப்பிவிட்டேன். மறு கணக்கெடுப்பு தேவை, அறிக்கையை நிறுத்தி வைக்க வேண்டும் என்று எழுதினேன். அக்கா விஷயத்தையும் எழுதினேன்.

நவம்பர் 6, வியாழன்

பதில் வந்தது. ஜெயசீலனின் கையெழுத்து. தங்கள் துயரத்தில் பங்குகொள்கிறோம் என்று முதல் வரி. பிறகு இப்படி இருக்கிறது:

'தாங்கள் அனுப்பிய எண்ணிக்கை திங்கட்கிழமை எடுக்கப்பட்டது. துறையின் கையேட்டின்படி திங்களும் வெள்ளியும் நீங்கலாக எடுக்கப்படும் எண்ணிக்கையே ஏற்கத்தக்கது. அக்கையேட்டைத் தாங்களே எழுதியுள்ளீர்கள் என்பதால் கூடுதல் விளக்கம் தேவைப்படாது.'

அதற்குக் கீழே, புதிய நிறுவனத்தின் திட்டப் பிரிவுக்கு என் பெயர் தேர்வாகியிருப்பதாகவும் வாழ்த்துகள் என்றும் போட்டிருந்தது. வசுமதி வாங்கிப் படித்தாள். மடித்து அக்காவின் படத்துக்கு முன்னால், குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பிலோமினாவைக் கூப்பிட்டேன். நீங்கள் அன்று கேட்ட ஒரு வாரத்தை இப்போது எண்ணப் போகிறேன் என்றேன். "எண்ணுங்க சார்" என்றார்.

நவம்பர் 7, வெள்ளி

இருட்டிலேயே போய் நின்றேன். சந்தைக் கூடைகளோடு பெண்கள் வந்தார்கள். வேன் நேரத்துக்கு வந்தது. தாராளமாக இடம் இருந்தது, யாரும் முறை வைக்க வேண்டியதில்லை.

மெஷின் பார்ட்டி ஏழு பேர்.

கருவியில் தவறு இருக்கும் என்று இன்னொரு முறை விரல் விட்டு எண்ணினேன். ஏழுதான். வேன்காரர் ஹாரன் அடித்து, மைதீன் அண்ணாச்சிக்குக் காத்திருக்கவா என்று கேட்டார். பேச்சியம்மாள் படியில் ஏறிக்கொண்டே இனி வேண்டாம் என்று தலையாட்டினாள்.